பெயர் வைக்காத மனு

எழுதி முடிக்காததற்குப் பெயர் வைப்பதில்லை என்பது என் வழக்கம். பிறக்காத பிள்ளைக்கு எங்கள் வீட்டில் பெயர் பேச மாட்டார்கள். கம்ப்யூட்டரோ சேமிக்கும் முன்பே பெயர் கேட்கும். நான் சொல்ல மாட்டேன்; முடியும்வரை சேமிக்கவும் மாட்டேன். இந்த வீம்பு ஒருநாள் கல்வராயன் மலைக்காரர் ஒருவர் தலையில் விடியப் பார்த்தது.

மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. அவருடைய நிலத்துக்குப் பட்டா கேட்டு மறுநாள் காலை கள்ளக்குறிச்சியில் மனு கொடுக்க வேண்டும். எந்தப் பாறை தொடங்கி எந்த மரம் வரை என்று அவர் சொல்லச் சொல்லக் காலையிலிருந்து அடித்தேன். கடைசி வரியில் திரை அப்படியே நின்றுவிட்டது. லேப்டாப்பின் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது. கரண்ட் போனால் மனுவும் போச்சு.

"இன்னா சார், முடிஞ்சிதா? நாலு மணி பஸ்ஸ புடிச்சாதான் தம்பிங்ககிட்ட கையெழுத்து வாங்க முடியும்."

"முடிஞ்ச மாதிரிதாங்க," என்றேன். டீ வாங்குவதாகச் சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். அந்த வீட்டுப் பெண் சென்னையில் சாப்ட்வேர் வேலை, லீவில் வந்திருந்தாள்.

"டைப் அடிச்ச எடிட்டர மூடிட்டீங்களா அங்கிள்?"

"இல்லம்மா."

"அப்ப மெமரில இருக்கும். எதையும் தொடாதீங்க."

வந்து டீபக்கரைத் திறந்தாள். ஓடும் புரோகிராமைப் பிடித்து நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் பார்க்கும் கருவியாம். உள்ளே இருந்ததையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டத் தொடங்கினாள். கரண்ட் குறைந்து மின்விசிறி தள்ளாடியது. சமையலறையில் மனைவி மிக்சியில் கை வைத்தார். "போடாதே!" என்று நான் கத்தியதில் மலைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"மனுல மட்டும் வர்ற வார்த்தை ஒண்ணு சொல்லுங்க."

"சாமைக்கொல்லை."

தேடினாள். குப்பை எழுத்துகளுக்கு நடுவே தமிழ் வந்தது. சரிபார்க்க உரக்கப் படித்தாள். "வடக்கே பாறை. கிழக்கே பலாமரம். இந்த ஆள் பலாமரத்தையே சுற்றிச் சுற்றி வந்து உயிரை எடுக்கிறார்."

மதியம் எரிச்சலில் அடித்து, உடனே அழித்த வரி. அழித்ததையும் மெமரி பத்திரமாக வைத்திருக்கும் என்று யார் கண்டது? நான் தரையைப் பார்த்தேன்.

"அந்தக் கடைசி வரி வாணாம்மா," என்றார் மலைக்காரர். "மீதி சரியா கீது. பலாமரம் மட்டும் தெற்கால வரணும். அதத்தான் சாருக்கு நாலு வாட்டி சொன்னேன்."

அவள் மீட்டதைப் புதிய பக்கத்தில் ஒட்டித் தர, கிழக்கே இருந்த மரத்தைத் தெற்கே நட்டேன். கம்ப்யூட்டர் பெயர் கேட்டது. மறுபேச்சில்லாமல் 'பலாமரம்' என்று அடித்தேன். பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது.