கமலா விடாத வரி

கமலா இறந்த செய்தி கரியாஹாட் சந்தையில், காய்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது எனக்கு வந்தது. நம் பழைய அலுவலகத்து பிமல் எதிரே வந்து, "கமலாதி போய்விட்டார், தெரியுமா?" என்று வங்காள மொழியில் கேட்டார். நம் அலுவலகத்து வங்காளிகளுக்கெல்லாம் கமலா 'தி', அதாவது அக்காதான். ஓய்வு பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கமலா வீட்டில் கூடினோம். உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். பிமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இத்தனை வருஷத்தில் கமலாதி டைப்பிங்கில் ஒரே ஒரு தப்புதான் செய்தார். கோஷ் பாபுவுக்குப் போன கடிதம்" என்றார். எல்லோரும் அன்போடு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்தத் தப்பு அவருடையது அல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிடர்பூர் துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் நம் அலுவலகத்தில் அவர் ஸ்டெனோ, நான் பிரிவுத் தலைவர். விவரம் கேட்டு வரும் லாரி டிரைவரைக்கூட உட்காரவைத்து, பெயர் கேட்டுவிட்டுத்தான் பேசுவார். "பேர் தெரியாம எப்படி சார் பதில் சொல்றது?" என்பார். டீ குடிக்கும் நேரத்தில் அதை நான் நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம், மழைக்காலம். நம் தேயிலைப் பெட்டிகள் கப்பல் வரும்வரை கோஷ் பாபுவின் கிடங்கில் இருப்பது வழக்கம். இடம் கேட்டு எழுதியதற்கு ஒரு வாரமாக அவரிடமிருந்து பதில் இல்லை. இடம் தராவிட்டால் வேறு கிடங்கு பார்த்துக்கொள்வோம் என்று காரமாக ஒரு கடிதத்தைக் கமலாவிடம் சொல்லி எழுதவைத்தேன். கமலா தட்டச்சு செய்து கொண்டுவந்ததில், மேலே ஒரு வரி கூடுதலாக இருந்தது. தங்கள் தாயார் மறைந்ததை அறிந்து வருந்துகிறோம்.

"இதை யார் எழுதச் சொன்னது?"

"அவங்கம்மா போன வாரம் தவறிட்டாங்க சார். அதான் பதில் வரல. ஒரு வரி இருக்கட்டுமே."

"இது ஆபீஸ் லெட்டர், கமலா. துக்கம் விசாரிக்கிறதெல்லாம் நீங்க ஆபீஸுக்கு வெளியில வச்சுக்குங்க."

பேனாவால் அந்த வரியை அடித்தேன். அவர் மறுபடி தட்டச்சு செய்து தந்தார். கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, பதிலுக்குக் காத்திராமல் பெட்டிகளோடு போன லாரிகளைக் கிடங்குக்குள் விடவில்லை. மழை கொட்டியது. தார்ப்பாய்கள் ஒழுகின. மேனேஜர் என்னை ஓடச் சொன்னார். எனக்கு வங்காளம் சரியாக வராது என்பதால் கமலாவை அழைத்துப்போனேன்.

கோஷ் பாபு, துக்கம் காக்கும் முறைப்படி, தைக்காத வெள்ளைத் துணியும் வெறுங்காலும் சவரம் செய்யாத முகமுமாக வந்தார். கோபப்படவில்லை. "பதினைந்து வருஷப் பழக்கம். ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?" என்றுதான் கேட்டார். கமலா கைகூப்பினார்.

"சார் எழுதச் சொன்னார், அண்ணா. டைப் பண்ணும்போது நான்தான் விட்டுவிட்டேன். மன்னித்துவிடுங்கள்."

கோஷ் பாபு கதவைத் திறக்கச் சொன்னார். கிளம்பும்போது, நனையாமல் போங்கள் என்று தன் குடையை எங்களிடம் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு கமலா பக்கத்தில் நடந்தேன். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

மேனேஜர் விசாரித்தபோதும் கமலா அதையே சொன்னார். எழுத்து மூலம் அவருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். மறுவருஷம் மேனேஜரின் செயலாளர் பதவிக்கு அவர் பெயர் வந்தது. அந்த எச்சரிக்கையைக் காட்டி வேறொருவரைப் போட்டார்கள். அந்த அறையில் நானும் இருந்தேன். என் பதவி உயர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். வாயைத் திறக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்ற அன்றுதான் கேட்டேன். "அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"துக்கத்துல இருக்கிற மனுஷர் முன்னாடி, நீயா நானான்னு நிக்க முடியுமா சார்?" என்றார். மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டே, "ஆபீஸ்ல வந்து நீங்க சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன் சார்" என்றார்.

அன்று மாலை விடைகொடுப்புக் கூட்டத்தில் அவருடைய பண்பைப் புகழ்ந்து நெடுநேரம் பேசினேன். இதைச் சொல்லவில்லை.

கமலாவிடமிருந்து நீங்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நல்ல பழக்கத்தை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். என்னிடம் இருப்பது, 'நீங்க சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன் சார்' என்ற அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான். திட்டிச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு மறந்திருப்பேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.