பத்துப் பவுண்டுக்கு மாறிய சாந்தி அக்கா

புதன்கிழமை பகலில் ஆட வருகிறவர்கள் போடும் வாடகைக் காலணிகளுக்கு நாற்றம் போக மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். லெட்சுமி அக்கா போன் செய்தார். "மா, நம்ம சாந்தி அக்கா போயிட்டாங்க. காலைல, ஹார்ட் அட்டாக்." கையிலிருந்த காலணிக்கே மறுபடியும் மருந்து அடித்தேன்.

கிள்ளான் நகரில் நான் வேலை செய்யும், பந்து உருட்டி ஆடும் போலிங் மையத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் அணிப் போட்டிக்கு நான்கு பெண்கள் ஓர் அணியாக வருவார்கள். எல்லாரும் ஒரே கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். லெட்சுமி அக்கா அவர்களில் ஒருவர்; சாந்தி அக்கா அவர்களில் மூத்தவர். ஒன்பதாம் வகுப்பான படிவம் மூன்றோடு பள்ளியை விட்டுவிட்டு நான் இங்கே சேர்ந்த புதிதில், வருகிறவர்களிடம் காலணி எண்ணை மட்டும் கேட்பேன். "இந்தப் பிள்ளைக்கு ஏழு, எட்டு, ஒம்பதத் தவிர வேற வார்த்தையே தெரியாது லா" என்று சாந்தி அக்கா சிரித்தார். அதற்கு நானும் சிரித்தேன்.

அவர் போடுவது பதினான்கு பவுண்டு பந்து. முகப்பில் நான் குனிந்திருந்தாலும், தடத்தின் முடிவில் நிற்கும் பின் கட்டைகளில் அது மோதும் சத்தத்தை வைத்தே அவர்தான் என்று சொல்லிவிடலாம்.

சென்ற ஆண்டு, அடுக்குமாடியின் ஈரப் படியில் வழுக்கி அவருக்கு வலது தோளில் அடிபட்டது. மூன்று மாதம் கழித்து வந்தார். கனமான பந்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் பிள்ளைகள் போடும் ஆரஞ்சு பந்தை எடுத்தார். அதன் விரல் துளைகளும் பிள்ளைகளுக்கானவைதான். கட்டைவிரல் சிக்கிக்கொள்ள, பந்தோடு சேர்ந்து முழங்காலில் விழுந்தார். "ஆன்டி, பந்து ஒங்கள விட மாட்டேங்குதா?" என்றார் பக்கத்துத் தடத்துக்காரர். அக்காவும் சிரித்தார்.

பாதி ஆட்டத்தில் என்னிடம் வந்து காலணிகளைக் கழற்றி வைத்தார். "இனிமே வரல மா. என் புள்ளி கொறஞ்சி போச்சின்னா அவங்க மூணு பேரையும் நானே கீழ இழுத்த மாதிரி ஆயிரும்." முகத்தில் அழுகை இல்லை, களைப்புதான் இருந்தது.

பின்னாலேயே லெட்சுமி அக்கா வந்தார். "புள்ளிக்கா ஒங்கள கூட்டிட்டு வரோம்? கார்ல நாலு சீட்டு இருக்கு, அதான்."

"போடி" என்றார் சாந்தி அக்கா. ஆனால் காலணிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே பத்துப் பவுண்டில் ஒரு பந்து வாங்கி, தன் விரல் அளவுக்குத் துளை போட்டுக்கொண்டார். அந்த எடையில் ரோஸ் நிறம்தான் கிடைத்தது. "கல்யாண வீட்டு ஜாக்கெட்டு மாதிரி இருக்கு" என்று அலுத்துக்கொண்டார்.

எடை குறைந்த பந்து மோதியதும் விலகிப் போகும்; மூலையில் ஒரு பின் நின்றுவிடும். "முன்ன ஒரு தடவ போட்டா போதும். இப்ப ரெண்டு தடவ. கொஞ்சம் கூட நடக்கணும், அவ்வளவுதான்" என்பார். வாரம் முழுக்க நின்றே வேலை செய்த கால்களோடு ஒவ்வொரு முறையும் நடந்தார். அணி பல வாரம் கடைசியில்தான் இருந்தது. அவர் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

போட்டி விதிப்படி, வராதவருக்குப் பதில் வேறு ஆளைச் சேர்க்கலாம். இல்லையென்றால், அவருடைய சராசரிப் புள்ளியில் பத்தைக் கழித்து அணிக்குக் கொடுப்பார்கள். இந்த ஞாயிறு மேலாளர் கேட்டபோது, "ஆள் வேணாம் பாஸ். அக்கா பேரே இருக்கட்டும்" என்றார் லெட்சுமி அக்கா. நான்கு பெயர்களையும் புள்ளிக் கணினியில் நான்தான் தட்டினேன்.

சாந்தி அக்கா, அன்று அணி தோற்றது. உங்கள் புள்ளியைப் பற்றி யாரும் பேசவில்லை. திரையில் உங்கள் முறை வந்தபோதெல்லாம் மூன்று பேரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். தடத்தின் முடிவில் பத்துப் பின்களும் அசையாமல் நின்றன.

போய் வாருங்கள், அக்கா.