என் வீட்டுக்காரர் கேட்டது என்னவென்று ஆண்டவர் காட்டினார்

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போய் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுது. இன்னும் வரல்ல. இதை முதல்லயே சொல்லிடுறேன். சபையில சாட்சி சொல்ல நின்னா, கடைசியில அவர் எழும்பி நடந்தார், பாடினார்னு கேக்கத்தான் எல்லாரும் காத்திருப்பீங்க. நானும் அதுக்குத்தான் காத்திருந்தேன்.

அவர் பேரு தங்கராஜ். மார்த்தாண்டம் சந்தையில வாழைக்குலையைக் கூவி ஏலம் விளிச்சுக்கிட்டிருந்தவர். ரோட்டுல அத்தனை வண்டி ஆரன் அடிச்சாலும் அவர் குரல் தனியாக் கேக்கும். சபையில பாட்டுக் குழுவுலயும் அவர் குரல்தான் கனமா நிக்கும். நான் பள்ளிக்கூடத்துல டிராயிங் டீச்சர். வீட்டு முன்னறையில, கிழக்கு ஜன்னல் பக்கம் ஸ்டாண்ட் போட்டு ஆயில் கலர்ல படம் வரைவேன். சிதறால் மலைப் பாறையில வெயில் மாறுறதை எத்தனையோ தடவை வரைஞ்சிருக்கேன். ஸ்கூல், சமையல், மக ஷைனிக்க படிப்பு, இதுக்கெல்லாம் இடையில கிடைக்கிற நேரத்துல வரையுறது. அந்த வருஷம் திருவனந்தபுரத்துல ஒரு கண்காட்சிக்கு என் படங்களைக் கேட்டிருந்தாங்க. முதல் தடவை. என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

ஜூன் மாசம், பள்ளிக்கூடம் திறந்த வாரம். குளிச்சிட்டு வந்தவர் வாசப்படியில அப்படியே சாய்ஞ்சிட்டார். வலது கையும் காலும் விழுந்துட்டு. வாய் கோணிட்டு. ஆஸ்பத்திரியில உயிரைக் காப்பாத்தித் தந்தாங்க. ஆனா பேச்சு இல்ல. "நாம சொல்லுறது அவருக்குப் புரியும். அவர் சொல்ல நினைக்கிறது வெளியே வராது. எழுதவும் வராது"ன்னு டாக்டர் சொன்னார். "பேச்சு திரும்புமா சார்?"னு கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பாத்ரூம் பக்கம்னு முன்னறையிலயே கட்டில் போட்டோம். என் ஸ்டாண்டையும் படங்களையும் மச்சுல ஏத்தியாச்சு. கண்காட்சிக்காரங்களுக்குப் போன் போட்டு வரமுடியாதுன்னு சொல்லிட்டேன். நான் ஸ்கூலுக்குப் போற நேரம் அவருக்க அக்கா, எனக்கு மைனி, வந்து பாத்துக்கிடுவாங்க. சாயங்காலம் வந்ததும் நான். சோறு ஊட்டணும், உடம்பு துடைக்கணும், துணி அலசணும். பிள்ளைங்களுக்குப் போர்டுல பூ வரைஞ்சு காட்டும்போது மட்டும்தான் என் கை எதையாவது வரைஞ்சுது.

அவர் வாயில வந்தது ஒரே ஒரு சத்தம். "தா." எதைச் சொல்ல நினைச்சாலும் தா, தா. கட்டிலைத் தட்டுவார், ஜன்னலைக் காட்டுவார், "தா"ன்னு அழுவார். தண்ணி குடுத்தோம். ஃபேன் போட்டோம். ஜன்னலைத் திறந்தோம், அடைச்சோம். தலையணையை மாத்தினோம். எல்லாத்துக்கும் தலையை ஆட்டி இல்லைன்னுட்டு, பிறகு சுவர்ல இடது கையால அடிப்பார். "எனக்க தம்பி எதுக்கோ கெடந்து அழுகான். ஒனக்குமா மனசிலாவல்ல?"ன்னு மைனி கேப்பாங்க. எனக்கும் தெரியல்ல. நான் பாக்குறது பத்தல்லைன்னு கோவப்படுறார்னே நினைச்சேன். சபையில உபவாசம் இருந்து ஜெபிச்சாங்க. சபைப் போதகர் ஐயர் எண்ணெய் பூசி ஜெபிச்சார். ஒரு மாற்றமும் இல்ல. கொஞ்ச நாள்ல ஜெபிக்க வந்தவங்க வரவும் குறைஞ்சுது. முழங்கால் போட்டா எனக்கு வார்த்தையே வராது. அவருக்கு வந்த நோய் எனக்கும் வந்துட்டோன்னு இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். பரீட்சைப் பேப்பரோட ஸ்கூல்ல இருந்து வந்து கஞ்சி ஊட்டினேன். "தா"ன்னார். கட்டிலைத் தட்டினார். "என்ன வேணும், சொல்லித் தொலையுங்க"ன்னு கத்திட்டேன். அவர் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். சுவரெல்லாம் கஞ்சி. மைனி கூட்டித் தள்ள வாரியலை எடுக்கப் போனாங்க.

நான் அடுக்களையில தரையில உக்காந்தேன். சத்தமாவே சொன்னேன். "ஆண்டவரே, இவருக்குப் பேச்சு குடும்னு இனி நான் கேக்கமாட்டேன். இந்த மனுஷன் கேக்கிறது என்னன்னு மட்டும் எனக்குக் காட்டும். அதுவும் முடியாதுன்னா எங்க ரெண்டு பேரையும் எடுத்துக்கிடும்." விசுவாசத்துல சொன்னதில்ல அது. வேற போக்கில்லாம சொன்னது.

முகத்தைக் கழுவிட்டு வந்து சுவரைத் துடைச்சேன். அவர் தட்டின வேகத்துல கட்டில் ஓரத்துல வச்சிருந்த என் பையும் கவுந்து, போர்டுக்கு எடுத்துட்டுப் போற கலர் சாக்பீஸ் எல்லாம் கட்டில்ல கிடந்தது. அதை ஒவ்வொண்ணாப் பொறுக்கினேன். திடீர்னு என் மணிக்கட்டைப் பிடிச்சார். என் கையில இருந்த ஒரு சாக்பீஸை உருவினார். இடது கையால, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி நடுங்கி நடுங்கி, சுவர்ல வரைய ஆரம்பிச்சார்.

முதல்ல ஒரு நீளப் பெட்டி, அதுக்கு நாலு கால். கட்டில். அது மேல குறுக்கே அடிச்சார். அப்புறம் பக்கத்துல மூணு குச்சி, மேல கூடுற மாதிரி. நடுவுல ஒரு சதுரம்.

"வீடா மக்கா? வீடு மாறணுமா?"ன்னு மைனி கேட்டாங்க. இல்லைன்னு தலையாட்டினார். என் வலது கையை எடுத்து, விரலையெல்லாம் கூட்டிப் பிடிச்சு, அந்தச் சதுரத்து மேல வச்சார்.

"ஸ்டாண்டா? எனக்க ஸ்டாண்டா?"

"தா, தா"ன்னு தலையைத் தலையை ஆட்டினார். கண்ணுல தண்ணி, வாய் கோணலாச் சிரிக்குது. இத்தனை மாசமும் அவர் கேட்டது தனக்காக ஒண்ணுமே இல்ல. இந்தக் கட்டிலை இங்க இருந்து எடு, உனக்க இடத்துல நீ வரை. அதைத்தான் அந்த மனுஷன் அழுது அழுது சொல்லியிருக்கார். நான் அவர் மடியில விழுந்து அழுதேன். மைனி வாரியலோட நின்னு அழுதாங்க.

அன்னைக்கே பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுக் கட்டிலைப் பின்னறைக்கு மாத்தினோம். காலையில ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் வரைவேன். அவர் பக்கத்துல நாற்காலியில இருப்பார். ஷைனி அவருக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தா. சாளை மீன் வேணும்னா மீன் வரைவார். வந்த சொந்தக்காரர் ரொம்ப நேரம் உக்காந்து பேசினா, செருப்பு வரைஞ்சு என்கிட்ட காட்டுவார். எங்க வீட்டுல சிரிப்புச் சத்தம் திரும்பக் கேட்டுது.

இதோட முடிஞ்சா நல்லா இருக்கும். முடியல்ல. இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கழிஞ்சு ரெண்டாவது தடவையும் பக்கவாதம் வந்துட்டு. இப்போ இடது கைக்கும் பலம் இல்ல. மூக்குல குழாய் வழியாத்தான் ஆகாரம். "தா"வும் நின்னுபோச்சு. இனி பெருசா எதிர்பாக்க ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். நான் லீவுல இருக்கேன். சில நாள் பிரஷை எடுக்கேன். பல நாள் எடுக்க முடியல்ல. சுகம் தாரும்னு கேக்க எனக்கு இப்பவும் தெம்பில்ல.

ஆனா அன்னைக்கு ஆண்டவர் காட்டாம இருந்திருந்தா, என்னை வெறுத்துக்கிட்டே கிடக்கார்னு நினைச்சுக்கிட்டே இவரை ஒருநாள் புதைக்க வேண்டி வந்திருக்கும். இப்போ அவர் கண் திறந்து பாக்கும்போது, அந்தப் பார்வையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் இங்க நிக்கேன்.

உங்கள்ல யாருக்காவது பெருசாக் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டு போயிருந்தா, சின்னதா ஒண்ணு கேளுங்க. கோவமா இருந்தா கோவத்தோடயே கேளுங்க. என்கிட்ட ஆண்டவர் கோவிச்சுக்கல்ல.

ஆராதனை முடிஞ்சதும் நான் யார்கிட்டயும் நின்னு பேச முடியாது. குழாய்ல கஞ்சி விடுற நேரம், மைனி தனியா இருக்காங்க. எங்க வீட்டுக்கு வாங்க. அவரால பேச முடியாதுன்னு யாரும் வராம இருந்திடாதீங்க. வந்து பக்கத்துல இருந்து சந்தைக் கதை சொல்லுங்க. அவருக்குக் கேக்கும்.