இறுகிப்போன ஸ்டியரிங்

அந்தத் தையல்காரிக்குக் கைதான் எல்லாம். அவள் கத்தரியை எடுத்தால் துணி தானாகவே வழிவிடும் என்று அவளிடம் தைத்துக்கொள்ளும் பெண்கள் சொல்வார்கள். அப்படிப்பட்டவளுக்குக் கொஞ்ச நாளாக ஒரு பயம் பிடித்திருந்தது. கடைக்குப் பக்கத்துச் சந்தில் காரை ஒடித்து நிறுத்தும்போதெல்லாம் ஸ்டியரிங் அசைய மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பையே சாய்த்துத்தான் திருப்ப முடிந்தது. இறங்கும்போது தோள் இரண்டும் கழன்று விழுவது போல வலிக்கும்.

காரின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அவளுடைய அம்மாவுக்கும் இந்த வயதில்தான் கையில் வலு குறைய ஆரம்பித்தது. முதலில் டம்ளர் நழுவியது. பிறகு பொத்தான் போட முடியாமல் போனது. கடைசியில் யாராவது ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு. ஊட்டியவள் இவள்தான்.

கணவரிடம் மூச்சு விடவில்லை. பேக்கரியில் வேலை பார்க்கும் அந்த மனுஷர், அவளுக்குத் தலைவலி என்றாலே வீட்டை இரண்டாக்கிவிடுவார். அவர் பார்க்காத நேரத்தில் ஊறுகாய் பாட்டில் மூடிகளைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். ஒருநாள் சுலபமாகத் திறக்கும், ஒருநாள் திறக்காது. கல்யாண கவுன் தைக்கச் சொல்லி ஒரு பெண் ஆசையோடு வந்தாள். முத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துத் தைக்கும் வேலை. “இப்ப தலைக்கு மேல வேலை இருக்கும்மா” என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு வேறு எந்தத் துணியிலும் மனசு ஓடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் காரை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தவள் சாவியை மேசைமேல் விட்டெறிந்தாள்.

“அண்ணி, அது காரா எருமையா? திருப்பறதுக்குள்ள தாவு தீர்ந்துபோச்சு!”

தையல்காரி அடுப்பை அணைத்தாள். “என்ன சொன்னே? இன்னொரு தடவ சொல்லு.”

“ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு. திருப்பினா ஊளை வேற விடுது. தினமும் எப்படித்தான் ஓட்டறீங்களோ!”

அந்த ஊளை இவள் காதிலும் விழுந்ததுதான். வண்டிக்கு வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டாள். அவள் வாசலுக்கு நடந்தாள்.

இருவரும் பானெட்டைத் தூக்கினார்கள். காரோடு வந்த புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நாத்தனார் தேடிப் பிடித்தாள். மூடியில் ஸ்டியரிங் படம் போட்ட ஒரு சின்ன டப்பா. உள்ளே, ஸ்டியரிங்கை லேசாகத் திருப்ப உதவும் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது, அதுவும் கரியாய்க் கறுத்து. டப்பாவிலிருந்து இறங்கும் குழாயின் கிளிப் தளர்ந்து, அந்த இடம் முழுக்க ஈரம். கிளிப்பை ஸ்குரூ டிரைவரால் இறுக்கினாள் தையல்காரி. நாத்தனார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடி, புத்தகத்தில் சொன்ன ரக எண்ணெயை வாங்கி வந்தாள். தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சும் ஒரு ரப்பர் குழாயும்கூட எடுத்து வந்திருந்தாள்.

“பயப்படாதே, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்” என்று காரிடம் சொல்லிவிட்டு, பழைய எண்ணெயை உறிஞ்சிக் காலி பாட்டிலில் விட்டாள். சிவப்பாகப் புது எண்ணெயை மேல்கோடு வரை ஊற்றினாள். “ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணி. முழுசா இடது, முழுசா வலது. கடைசியில போய் முட்டிக்கிட்டு நிக்காதீங்க.”

திருப்பினாள். எஞ்சினை அணைத்துப் பார்த்தால் டப்பாவில் மறுபடி கறுப்பு. மறுபடி உறிஞ்சி, மறுபடி ஊற்றி, மறுபடி திருப்பினார்கள். ஊளை முனகலாகி, முனகலும் அடங்கியது. சிவப்பு சிவப்பாகவே நின்றபோது, தையல்காரி இரண்டு விரலால் ஸ்டியரிங்கைத் தொட்டாள். அது வழுக்கிக்கொண்டு சுழன்றது. இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

“ஐயையோ, எண்ணெய் பட்டுடுச்சா?”

“இல்லடி. எங்கம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சேன்.”

நாத்தனார் திகைத்துப்போனாள். அப்புறம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இதை மனசுல வச்சுக்கிட்டா இத்தனை நாளா சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்க? எதுக்கும் நாளைக்கு டாக்டர்கிட்ட ஒரு நடை போறோம். நானும் வரேன். பேசாதீங்க!”

தையல்காரி தலையாட்டினாள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கல்யாணப் பெண்ணுக்குப் போன் போட்டாள். கவுன் வேலையை இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லையாம்.

சத்தம் கேட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்தார் பேக்கரிக்காரர். தங்கை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அவர் வீட்டை இரண்டாக்கவில்லை. மனைவியின் கைகளை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க பயந்துடுவீங்கன்னுதான்...”

“நீ தனியா பயப்படறதுக்கு, ரெண்டு பேருமா பயந்திருக்கலாம்” என்றார்.