கட்டைவிரல் பதிந்த பள்ளம்

மைசூர் ஹெப்பாளில் கரியப்பன் என்று கேட்டால் அரைமணி நேரம் அலைய வேண்டியிருக்கும். ‘பழைய சாமான் பார்த்துச் சொல்கிறவர்’ என்று கேட்டால் ஆட்டோக்காரரே வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ஒரு தொழிற்சாலையின் கருவிக் கிடங்கில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் தெரியாத இரும்பு எந்தப் பரணில் கிடைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவரிடம் வந்துவிடும். வலது கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இரண்டு தரம் புரட்டிப் பார்த்து இன்னதென்று சொல்லிவிடுவார். கருவியை இடது கையால் வாங்குவது அவருக்கு ஆகவே ஆகாது.

சொல்வதிலும் தயவு தாட்சண்யம் கிடையாது. கிரண் என்ற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், அரண்மனைக் காலத்து ஆயுதம் என்று ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்ததை எடுத்துவந்தார். “லாடம் அடிக்கறதுக்கு முன்னால மாட்டுக் கொளம்பு சீவற கத்திங்க இது” என்றார் கரியப்பன். கூட வந்திருந்த மாமனார் சிரித்த சிரிப்பில் கிரண் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

“கொஞ்சம் நயமாச் சொன்னா வாயில இருக்கற முத்து உதுந்துருமா?” என்று மனைவி நஞ்சம்மா அன்றைக்கு முழுக்க அர்ச்சனை செய்தாள்.

தீபா வந்தது போன மாதம். பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. கரியப்பனின் சொந்த ஊரான மார்டள்ளிக்காரி என்பதால் உரிமையோடு ‘பெரியப்பா’ என்றாள். துணியைப் பிரித்து ஒரு கத்தியை நீட்டினாள். தட்டையான அகல அலகு, ஒரு பக்கம் மட்டும் தீட்டிய வாய், மரப் பிடியில் தேய்ந்துபோன ஒரு பள்ளம்.

“எங்கப்பாவோடதுங்க பெரியப்பா. எனக்கு ஒரு வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் பஸ் விபத்துல போயிட்டாங்க. மாமாதான் வளத்துனாரு. உங்கப்பன் மைசூர்ல ஊரு சுத்துனவன், ஒரு நாளு வேல செஞ்சதில்லைன்னே சொல்லுவாரு. பரண ஒழிக்கறப்ப இது கெடச்சுது. வேல செய்யாத மனுசனுக்கு இது எதுக்குங்க?”

கரியப்பன் கத்தியைப் பிடித்துப் பார்த்தார். பள்ளம் விரலுக்கு அடியில் வரவில்லை. தீட்டிய பக்கமும் கீழே போயிற்று. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். “பாக்கு சீவறது” என்று அடித்துவிட்டார். கத்தியை இருக்கட்டும் என்று வாங்கியும் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு ருசிக்கவில்லை. பிடியின் கழுத்தில் காய்ந்து கிடந்த கறுப்பை ஈரத் துணியால் துடைத்தபோது ஒட்டுவதற்குக் காய்ச்சும் வச்சிரப் பசையின் வாடை அடித்தது. பாக்கு சீவுகிறவனுக்குப் பசை எதற்கு?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தீபாவை வரச்சொன்னார். “நான் சொன்னது தப்பும்மா. என்னன்னு எனக்குத் தெரியல” என்று கத்தியை நீட்டினார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. பாவம், அவள் முகமும் வாடிவிட்டது.

அவள் சட்டென்று இடது கையால் வாங்கினாள். “ஏன் கண்ணு, ஒரட்டாங்கையில வாங்கறே?” என்று அதட்டினாள் நஞ்சம்மா.

“பழக்கமாயிருச்சுங்க பெரியம்மா. மாமா எத்தனையோ அடிச்சும் போகல” என்றாள் தீபா கூச்சத்தோடு.

கரியப்பன் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவளுடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்தில் அது அச்சாக உட்கார்ந்திருந்தது. தீட்டிய பக்கமும் இப்போது மேலே வந்திருந்தது.

“அசையாத நில்லு!” என்று உள்ளே ஓடியவர் தன் பழைய தோல் பெல்ட்டோடு வந்தார். “இதோட ஓரத்தச் சீவு.” அவள் சீவினாள். தோல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாகச் சுருண்டு விழுந்தது.

“பைண்டிங் கத்தி!” என்று கத்தினார். “எங்க கெடங்குல இருந்த பெரிய ரிஜிஸ்டருக்கெல்லாம் மூலையில தோல் வெச்சு வச்சிரத்துலதான் ஒட்டியிருப்பாங்க. அந்தத் தோல இப்படித்தாம்மா சீவோணும். நான் ஒரு முட்டாள், சோத்தாங்கையிலயே புடிச்சுப் பாத்துட்டிருந்தேன்.”

“எத்தன வருசம் செஞ்சிருப்பாருங்க?” என்றாள் தீபா.

கரியப்பன் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். நயமாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. “வருசக் கணக்கா விடாம புடிச்சாத்தான் மரம் இப்படித் தேயும். பதினஞ்சு வருசத்துக்குக் கொறையாது.”

தீபா அங்கேயே நின்று மாமாவுக்கு போன் போட்டாள்.

“மாமா, அப்பா புஸ்தகம் பைண்டிங் பண்றவரு. பதினஞ்சு வருசம் வேல செஞ்சிருக்காரு” என்றாள். மறுமுனையில் மாமா என்னவோ கேட்டார். தீபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆமாங்க மாமா. ஒரட்டாங்கைதான். என்னையாட்டமே.”