தோப்பு வீட்டு மூத்தவன்

ஊரில் எவனுக்குக் கல்யாணம் ஆகவில்லையென்றாலும் எங்கள் அப்பாவுக்குத் தூக்கம் வராது. எல்லாம் புண்ணியத்துக்குத்தான். திண்டுக்கல்லைச் சுற்றியிருந்த பையன்களின் ஜாதகமெல்லாம் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில்தான் கிடந்தன. பெட்டிக்குள் ஊருக்கு ஒரு பை, பைக்குள் வீட்டுக்கு ஒரு உறை, உறைக்குள் பையனுக்கு ஒரு சீட்டு. பையின் மேல் ஊர்ப்பெயர், உறையின் மேல் வீட்டுப்பெயர். சீட்டில் ராசிக்கட்டமும் 'மூத்தவன்', 'இளையவன்' என்பதும் மட்டுமே. ஆள் பெயரை எழுதினால் கண்பட்டுவிடுமாம்.

"ஆயக்குடி, தோப்பு வீடு, மூத்தவன்!" என்று அப்பா குரல் கொடுப்பார். அடுத்த நிமிஷம் சீட்டோடு நிற்பேன். எட்டு வயதில் எனக்கிருந்த ஒரே பெருமை அதுதான்.

அந்த வருஷம் எங்கள் அத்தைக்கே மாப்பிள்ளை பார்த்தார்கள். அப்பாவின் தங்கை, டீச்சர் வேலை. அந்த ஆயக்குடிக்காரனுக்குப் பத்தில் ஒன்பது பொருத்தம் என்று அப்பாவே கணித்து, அத்தையிடமும் சீட்டைக் காட்டிவிட்டார். வத்தலக்குண்டிலும் ஒரு தோப்பு வீடு உண்டு, அங்கேயும் ஒரு மூத்தவன். அவனுக்கு நாலுதான் தேறியது. வெள்ளிக்கிழமை ஜோசியர் வந்து சரியென்றால் ஆயக்குடிதான்.

வியாழக்கிழமை எனக்குச் சனி பிடித்தது. சொந்த அத்தை மாப்பிள்ளையாயிற்றே என்று இரண்டு உறைகளையும் பிரித்துப் பார்த்தேன். மூத்தவன்கள் இரண்டு பேரும் கலந்துபோனார்கள். உறையை விட்டு வெளியே வந்தவனுக்கு ஏது ஊர், ஏது வீடு? உட்கார்ந்து அழுதேன்.

அத்தை வந்து சீட்டுகளை ஒரு பார்வை பார்த்தாள். "இதுக்குப் போயி அழுவாகளாடி? இது ஆயக்குடி, அது வத்தலக்குண்டு" என்று உறைகளில் போட்டாள். "அப்பாகிட்ட மூச்சு விடாத."

மறுநாள் ஜோசியர் ஆயக்குடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நாலுதேன் தேறுதுங்க." வத்தலக்குண்டுக்கு ஒன்பது! அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கடைசியில், "எனக்குத்தேன் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று ஒத்துக்கொண்டார். வத்தலக்குண்டு மாப்பிள்ளை அத்தையின் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார் என்பது பரிசம் போடும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நல்லதாப் போச்சு, ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகலாம் என்றாள் அம்மா.

எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அத்தை பாவம், தெரியாமல் சீட்டை மாற்றிப் போட்டுவிட்டாள். எல்லாம் என்னால் வந்த வினை. முகூர்த்தத்தன்று பூ வைத்துக்கொண்டிருந்தவளின் காதில் சொன்னேன். "அத்தே, அன்னைக்குச் சீட்டு மாறிப்போச்சு. உனக்கு நாலு பொருத்தந்தேன். அப்பாகிட்டச் சொல்லிக் கல்யாணத்த நிறுத்திருவோம். அடிச்சா அடிக்கட்டும்."

அத்தை ஒரு முழு லட்டை எடுத்து என் வாயை அடைத்தாள். "வெளிய சொன்னே, தொலிய உரிச்சுருவேன்!"

அடடா, என்னை அடியிலிருந்து காப்பாற்றத் தன் வாழ்க்கையையே பலி கொடுக்கிறாளே என்று நெஞ்சு வெடித்துவிட்டது. லட்டும் வாயுமாக ஓவென்று அழுதேன். தாலி ஏறும்போது நிமிர்ந்து பார்த்தால், அத்தை சிரிப்பை அடக்கமாட்டாமல் திணறிக்கொண்டிருந்தாள். ஐயோ, துக்கம் தாங்காமல் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.