ஜானவாசத்துக்குக் கூரை அறுத்த கார்

இரும்பை அறுக்கும் ரம்பத்தின் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு இன்றைக்கும் பல் கூசும். காபி குடித்துக்கொண்டிருந்தால் டம்ளரைக் கீழே வைத்துவிடுவேன். ஐம்பதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதியில் எங்கள் வீட்டுக் கொல்லையில், அப்பா ஒரு காரின் கூரையை அறுத்துக்கொண்டிருந்தார். அத்தையின் கல்யாணமே அந்தக் காரை நம்பித்தான் இருந்தது.

அது ஜெர்மன் கார். யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கி, பிறகு உறையூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலைக் கொட்டகையில் கோழிகள் அடையும் இடமாகக் கிடந்ததை, ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, யார் சொல்லியும் கேட்காமல், மாட்டைக் கட்டி காவேரிப் பாலத்தின் மேல் ஊரே வேடிக்கை பார்க்க இழுத்து வந்தார். வீட்டில் அதற்கு ‘ஜெர்மன்காரன்’ என்று பேர். ஸ்டியரிங் இடது பக்கம். முன்விளக்கு ஏதோ ஒரு லாரியினுடையது. சீட்டுக்குள் தேங்காய் நார். கார்புரேட்டர் எந்த ஜாதி என்று அப்பாவுக்கே தெரியாது. வண்டி ஓடாமல் நின்றால்கூடப் பரவாயில்லை, ஓடிவிட்டால்தான் எங்களுக்குக் கஷ்டகாலம். ஒரு தடவை முக்கொம்புக்குப் போய் ஒரு தொந்தரவும் இல்லாமல் வீடு திரும்பினோம். அம்மா பெருமாளுக்கு நெய் விளக்கு ஏற்றினாள். மறுநாள் காலையில் பார்த்தால் இன்ஜின் முழுவதும் கோணிச் சாக்கின் மேல் பிரித்துக் கிடக்கிறது. “ஜீயபுரம் தாண்டறச்சே ஒரு சத்தம் கேட்டுது” என்றார் அப்பா. வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். “ஏன்னா, சித்த நாழி கையைக் கட்டிண்டு உக்காரப்படாதோ?” என்று அம்மா கெஞ்சுவாள். அவர் உட்காருவதற்குள் எழுந்துவிடுவார்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. அந்தக் காலத்துக் கணக்கில் கல்யாண வயதைத் தாண்டிவிட்டவள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுச் சும்மா போனார்கள். கடைசியில் லால்குடியிலிருந்து ஒரு வரன் குதிர்ந்தது. பிள்ளைக்குத் தகப்பனார் இல்லை. தாய்மாமா வைத்ததுதான் சட்டம். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை, ஜானவாசம் மட்டும் திறந்த காரில்தான் நடக்க வேண்டும் என்றார். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு போட்டு, மாலை போட்டு, நாதஸ்வரமும் ‘கியாஸ் லைட்டு’மாக ஊர்வலம் அழைத்து வருவதுதான் ஜானவாசம். அந்த முகூர்த்தத்துக்குத் திருச்சி முழுக்கத் தேடியும் ஒரு திறந்த கார் வாடகைக்குக் கிடைக்கவில்லை. அம்மா கையைப் பிசைந்தாள். அப்பாவின் முகமோ பளிச்சென்று ஆகிவிட்டது.

“நம்மாத்துலயே ஒண்ணு நிக்கறதே!” என்றார்.

அத்தை கொல்லைப்படியில் நின்றுகொண்டு, “அண்ணா, என் கல்யாணத்தையாவது கழட்டிப் பாக்காம விடேன்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் இந்த வரனும் தட்டிப்போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லி அழுததை நான் கேட்டிருக்கிறேன். ரம்பம் ஓடியது. கூரை தனியாகக் கழன்று வந்தது. அப்பா அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.

ஜானவாசக் காரில் வீதிக் குழந்தைகள் எல்லாம் ஏறிக்கொள்வது எங்கள் பிறப்புரிமை. யாரும் யாரையும் இறக்கிவிட மாட்டார்கள். மாப்பிள்ளையின் மடியில் ஒன்று, காலடியில் நாலு, பின்பக்கம் தொற்றிக்கொண்டு ஒரு பட்டாளம் என்று ஏறினோம். பட்டுப் பாவாடையோடு நான், வண்டி ஓட்டிய அப்பாவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துவிட்டேன். வண்டி அன்றைக்கு அவ்வளவு சமத்தாக ஓடியது. எங்கள் வீட்டுப் பந்தலுக்கு முன்னால் வந்து நின்றதும் அம்மா ஆரத்தித் தட்டோடு வந்தாள். அப்பா கதவைத் தள்ளினார். கதவு திறக்கவில்லை. மறுபக்கக் கதவும் திறக்கவில்லை.

அந்த மாதிரி வண்டிக்கு அடியில் தனியாக இரும்புச் சட்டம் கிடையாதாம். கூரையும் தரையும் சேர்ந்துதான் அதைத் தாங்குமாம். கூரை போனதும் நடுவில் வலு போய்விட்டது. எங்கள் பாரத்தில் வண்டி தொய்ந்து கதவுகளை இறுக்கிக்கொண்டது. இதெல்லாம் அப்பாவுக்கே பின்னால்தான் புரிந்தது. அப்போது எங்களை எல்லாம் பின்பக்கமாகக் குதிக்கச் சொன்னார். குதித்தோம். தொய்ந்தது தொய்ந்ததுதான். அப்பா கதவை உதைத்தார், தோளால் இடித்தார், வேர்வை ஊற்றியது. நாதஸ்வரம் நின்றது. தாய்மாமா முன்னால் வந்தார்.

“வாசப்படியிலேயே தடங்கல். இது நன்னா இல்லே. வண்டியைத் திருப்புங்கோ, போலாம்.”

அப்போது மாப்பிள்ளை, மாலையைச் சரிசெய்துகொண்டே, “திருப்பிண்டு போனாலும் அங்கேயும் எறங்கணுமே, மாமா” என்றார். சொல்லிவிட்டு சீட்டின் மேல் ஏறி நின்றார். கதவைத் தாண்டிக் குதித்தார். ரம்பம் விட்டுவைத்த விளிம்பில் மாட்டி, கோட்டு முதுகுவரை ‘டர்’ரென்று கிழிந்தது.

உள்ளேயிருந்து அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணப் பெண் அப்படிச் சிரிக்கக் கூடாதுதான். தாய்மாமா முறைத்தார். மாப்பிள்ளை மட்டும் சிரிப்பு வந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது.

அப்பாவுக்குத்தான் அது நடந்ததாகவே தோன்றவில்லை. தங்கையைச் சந்தியில் நிற்க வைத்துவிட்டேன் என்று புழுங்கினார். வண்டிக்கு அடியில் இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்தார், கதவுக் கீலை மாற்றினார், மறுபடி அறுத்தார். தீபாவளிக்கு அத்தை வந்தால் போதும், பையைக்கூடக் கீழே வைக்க விடாமல், “இங்கே வா, இப்போ பாரு” என்று கொல்லைக்கு இழுத்துப் போவார். கதவு அன்றைக்குப் பார்த்துத் திறக்காது. அப்பா காலமான வருஷமே பழைய இரும்புக்காரன் வந்து வண்டியை எடுத்துப் போனான்.

இப்போது அந்தக் கொல்லை இல்லை. அங்கே அடுக்கு வீடுகள் நிற்கின்றன. வீதி முழுக்கக் கார்கள், எல்லாவற்றுக்கும் கூரை. ஜானவாசம் மண்டபத்துக்குள்ளேயே பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. எந்தக் குழந்தையும் எதிலும் ஏறுவதில்லை.

அத்தையின் கடைசிக் காலத்தில், அந்த மாப்பிள்ளையான அத்திம்பேரும் காலமான பிறகு, நான் அவளோடு கொஞ்ச நாள் இருந்தேன். ஒருநாள் தானாகவே சொன்னாள்: “அவர் தாண்டிக் குதிச்சாரே, அப்பதான்டி எனக்கு அவரைப் பிடிச்சுது. கதவு ஒழுங்காத் திறந்திருந்தா யாரோ ஒருத்தரைத்தான் கல்யாணம் பண்ணிண்டிருப்பேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “அப்பா அந்தக் கதவோடயே மல்லுக்கட்டிண்டு செத்துப்போனாரே, அவர்கிட்ட இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?” என்று கத்தினேன்.

அத்தை தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எத்தனை தரம் வாயெடுத்தேன் தெரியுமோ? அண்ணா எங்கேடி உக்காந்து கேட்டான்?”